பேச்சு நின்ற கணினி



நீங்கள் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். இப்பொழுதும் அப்படித்தான் அமர்ந்திருக்கிறீர்கள் என நம்புகிறேன். பேசுபவரின் குரல் ஒரு சொல்லின் நடுவிலே நின்றுவிடுகிறது. நடந்தது என்ன? பெட்டி பழுதாகியிருக்கலாம். வீட்டுக்கு வரும் மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம். நிலையத்தின் ஒலிபரப்புக் கருவி ஓய்ந்திருக்கலாம். அல்லது, பேச வந்தவர் தாம் எழுதி வந்த தாள்களில் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம், அதுவும் நடப்பதுண்டு. இவை நான்கும் வெவ்வேறு காரணங்கள். ஆயினும் உங்கள் செவிக்கு எட்டுவது ஒரே மௌனந்தான். அந்த மௌனத்தை எத்துணை உற்றுக் கேட்டாலும் காரணம் புலப்படாது. ஆகவே நீங்கள் எழுந்து விளக்கின் ஆளியைத் தட்டிப் பார்க்கிறீர்கள். அயல்வீட்டு வானொலி பேசுகின்றதா எனச் செவி சாய்க்கிறீர்கள். சிறிது நேரம் பொறுத்தும் பார்க்கிறீர்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கணினிகளைப் பற்றியது. கணினிகளுள்ளும், பிறருக்குச் சேவை செய்வதற்கென்றே இரவும் பகலும் இயங்கும் சேவையகங்களைப் பற்றியது. அவை ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன, அப்பேச்சை நாம் எவ்வாறு ஒழுங்கமைக்கிறோம் என்பதைச் சொல்லப் புகுகின்றேன். ஆயினும் இவ்விடயத்தின் உயிர்நிலை அவற்றின் பேச்சில் இல்லை. பேச்சு நின்றபொழுது என்ன முடிவுக்கு வருவது என்பதிலேயே இருக்கிறது.

வங்கியொன்றிலே உங்கள் கணக்கைப் பார்க்கும் எழுதுவினைஞர் தமது மேசைக் கணினியிலே பார்ப்பது, வேறோர் இடத்திலுள்ள சேவையகத்தில் இருக்கும் பதிவேட்டை. வைத்தியசாலையிலே நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்து சேர்வதும் அத்தகைய ஒரு சேவையகத்துக்கே. அந்த ஒரு கணினி நின்றுவிட்டால் அனைத்தும் நின்றுவிடும். ஆதலின், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அதன் பணியை ஏற்றுக்கொள்ளுமாறு செய்கின்றனர். இவ்வாறு பிணைக்கப்பட்ட கூட்டத்தைக் கொத்தணி என்போம். கொத்தணியில் உள்ள ஒவ்வொரு கணினியையும் கணு என்பது வழக்கம்.

இம்முறை புதியதன்று. 1983ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டிஜிற்றல் நிறுவனம் வாக்ஸ் என்னும் தனது கணினிகளைப் பிணைத்து ஒரு கொத்தணியை அறிமுகஞ் செய்தது. கணுக்களுக்கிடையே செய்தி செல்வதற்குச் செக்கனுக்கு 70 மெகாபிற் வேகமுள்ள தனிப் பாதையொன்றை அமைத்தார்கள். ஒன்றன்று, இரட்டைப் பாதை. குரோனென்பேர்க், லெவி, ஸ்ட்ரெக்கர் என்னும் மூவர் 1986ஆம் ஆண்டில் அவ்வமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. இன்றைய கொத்தணிகளிலே நாம் காணும் முக்கியமான எண்ணங்கள் பல அக்கட்டுரையிலேயே உள்ளன. கருவிகள் ஆயிரமடங்கு வேகம் பெற்றுவிட்டன. கேள்வி மட்டும் மாறவில்லை.

அக்கேள்விக்கு வருவோம். இரு கணுக்கள் உள்ளன. முதற் கணு பதிவேட்டை வைத்துக்கொண்டு பணி செய்கிறது. இரண்டாவது கணு, முதலாவது எழுதுவதை எல்லாம் தானும் பிரதி செய்துகொண்டு காத்திருக்கிறது. முதற் கணு உயிரோடிருக்கிறதா என்பதை இரண்டாவது எவ்வாறு அறியும்? இடைவிடாது சிறு செய்திகள் அனுப்பப்படுகின்றன. “இருக்கிறேன், இருக்கிறேன்” என்பதைத் தவிர அவற்றிலே பெரிதாக ஒன்றுமில்லை. இதனை நாடித்துடிப்பு என்று அழைக்கின்றனர், பெயர் பொருத்தமானதே. துடிப்பு வந்துகொண்டிருக்கும் வரையில் கவலையில்லை. துடிப்பு நின்றால்?

முதற் கணு இறந்திருக்கலாம். அவ்வாறாயின் இரண்டாவது உடனே பணியை ஏற்கவேண்டும். ஆனால் முதற் கணு நலமாக இருந்து, இடையிலுள்ள வடம் மட்டும் அறுந்திருக்கலாம். அப்பொழுது இரண்டாவது பணியை ஏற்றால் வருவது என்ன? ஒரே வங்கிக்கு இரு எழுதுவினைஞர். இருவர் கையிலும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பிரதிகள். ஒருவர் இருப்பதை மற்றவர் அறியார். ஒருவரிடம் ஒரு வாடிக்கையாளர் 10,000 ரூபாவை மீளப் பெறுகிறார். மற்றவரிடம் அதே கணக்கிலிருந்து வேறோர் உறுதிச்சீட்டுக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. மாலையில் இரு புத்தகங்களையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒழுங்காக எழுதப்பட்டவை. இரண்டும் கூட்டிப் பார்த்தாற் சரி. ஆனால் இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. இந்நிலையைப் பிளந்த மூளை எனப் பொறியியலார் அழைக்கின்றனர். ஒரு கணினி நின்றுபோவது சங்கடம். மூளை பிளப்பதோ கேடு. சேவை நடந்துகொண்டே இருப்பதால் கேடு நிகழ்கிறதென்பதே எவருக்கும் தெரியாது.

செய்திகளை மேலும் மேலும் அனுப்பி இதனை உறுதி செய்துகொள்ளலாமே என நீங்கள் கேட்கக்கூடும். 1975ஆம் ஆண்டிலே அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் என்னும் மூன்று ஆய்வாளர் இதனை ஒரு கதையாக வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கதையில் வருவோர் இரு கொள்ளைக் கூட்டத்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் ஜிம் கிறே என்னும் அறிஞர் அவர்களைப் படைத்தலைவர்கள் ஆக்கிவிட்டார். கதைக்கு மதிப்புக் கூடிற்று. இரு படைத்தலைவர்கள் இரு மலைகளில் நிற்கின்றனர். பகைவன் நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் இருக்கிறான். இருவரும் ஒரே வேளையில் தாக்கினால் வெற்றி. ஒருவர் மட்டும் தாக்கினால் அழிவு. செய்தி அனுப்ப வழி ஒரு தூதனே. அவன் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது பிடிபடலாம். “நாளை விடியலிற் தாக்குவோம்” என முதலாமவர் சொல்லி அனுப்புகிறார். “சம்மதம்” என விடை வரவேண்டும். விடை அனுப்பிய இரண்டாமவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்னும் ஐயம். ஆகவே அதற்கும் ஒரு விடை வேண்டும். அவ்விடைக்கும் ஒரு விடை. எத்தனை தூதர் சென்று மீண்டாலும், கடைசித் தூதனை அனுப்பியவருக்கு அவன் சேர்ந்தானா என்பது தெரியாது. இழக்கப்படக்கூடிய பாதையின் வழியே வெறும் செய்திப் பரிமாற்றத்தால் இருவரும் முழு நிச்சயத்தை அடைவது இயலாது என்பதே முடிவு. இது கருவியின் குறையன்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் தீராது.

நிச்சயம் கிடையாதென்றால், தவறினாலும் பெருங்கேடு விளையாதபடி விதிகளை அமைத்துக்கொள்வதே எஞ்சியுள்ள வழி. கொத்தணியின் செய்தித் தொடர்பை ஒழுங்கமைத்தல் என்பது அவ்விதிகளை எழுதும் வேலையே ஆகும்.

உதாரணத்துக்கு ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கணினிகளிலே கொத்தணிச் செய்தித் தொடர்புக்குப் பெரிதும் பாவிக்கப்படுவது கொரோசிங்க். 2008ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பேஸ்மேக்கர் என்னும் துணைவனோடு சேர்ந்து இயங்குவது. கொரோசிங்க் செய்திகளைச் சுமக்கும். எந்தப் பணி எந்தக் கணுவில் நடக்கவேண்டுமெனப் பேஸ்மேக்கர் தீர்மானிக்கும். கொரோசிங்க் கையாளும் முறைக்குத் தோற்றம் என்று பெயர் சொல்லத் தோன்றும் வண்ணம் ஒலிக்கும் ‘டோற்றெம்’ என்பது பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்திலே 1990களில் உருவானது அது.

அதன் முறை அழகானது. கணுக்கள் வட்டமாக அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வில்லை கைக்குக் கை மாறி வட்டத்தைச் சுற்றுகிறது. வில்லை எவர் கையில் உள்ளதோ அவர் மட்டுமே பேசலாம். பேசும் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இலக்கம் இடப்படுகிறது. கடைசியாக இடப்பட்ட இலக்கத்தை வில்லையும் சுமந்து செல்கிறது. “41 வந்தது, 43 வந்தது, 42 எனக்குக் கிடைக்கவில்லை” என உணர்ந்த கணு, அதனை மீண்டும் சொல்லுமாறு வில்லையிலேயே குறித்து அனுப்பும். இதனால் அனைவரும் எல்லாச் செய்திகளையும் ஒரே வரிசையிற் கேட்கின்றனர். நம் சபைக் கூட்டங்களில் இத்தகைய வில்லையொன்று இருந்தால் எத்துணை நலமாயிருக்கும் என்று நான் எண்ணியதுண்டு.

வில்லை குறித்த காலத்துள் திரும்பி வராவிட்டால், யாரோ ஒருவர் வீழ்ந்துவிட்டார் எனக் கொள்ளப்படும். அந்தக் காலம் எவ்வளவு? கொரோசிங்கின் முன்னைய பதிப்பில் இயல்பாக 1,000 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கன் என இருந்தது. பின்னர் வந்த பதிப்பொன்றில் 3,000 மில்லிசெக்கன் ஆக்கப்பட்டது. இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கணுவுக்கும் 650 மில்லிசெக்கன் கூட்டிக்கொள்ளப்படும். ஐந்து கணுக்கள் உள்ள கொத்தணியில் மூன்று 650ஐக் கூட்டினால் 4,950 மில்லிசெக்கன் வரும். வில்லை தொலைந்ததென முடிவான பின்னர், எஞ்சியோர் யார் யார் என ஒருவரையொருவர் கேட்டு உடன்படுவதற்கு இதன் 1.2 மடங்கு காலம் வரை ஒதுக்கப்படுகிறது.

இந்த இலக்கத்தை மாற்ற விரும்பாத பொறியியலாளரைக் காண்பது அரிது. மேலதிகாரி வந்து, “ஒரு கணினி வீழ்ந்தால் மற்றது ஏற்பதற்கு ஏன் இத்தனை செக்கன்? குறையுங்கள்” என்பார். குறைத்தால் என்ன நேரும்? நள்ளிரவிலே காப்புப் பிரதி எடுக்கும் வேலை தொடங்கும்; வலையமைப்பு நெருக்கடி அடையும்; வில்லை சற்றுத் தாமதிக்கும்; நலமாயிருக்கும் கணு இறந்ததாக அறிவிக்கப்படும். மெய்நிகர் கணினிகளில் இன்னுமொரு விந்தை உண்டு. அக்கணினியின் நிலையைப் படம் பிடிப்பதற்காக அதனை முழுமையாகச் சில செக்கன் நிறுத்தி வைப்பார்கள். அக்கணினிக்குத் தான் நிறுத்தப்பட்டது தெரியாது. கண் விழிக்கும்போது அதன் எண்ணத்தில் ஒரு கணமும் கழியவில்லை. தானே தலைவன் என எண்ணிப் பாதியில் விட்ட வரியைத் தொடர்ந்து எழுதும். இதற்கிடையில் மற்றவர்கள் அதற்கு ஈமக்கடன் முடித்துப் புதிய தலைவனையும் அமர்த்தியிருப்பார்கள். ஆகையால், காலத்தைக் குறைக்க விரும்புவோர் தமது வலையமைப்பு மிக மோசமாக இருக்கும் வேளையில் எவ்வளவு தாமதிக்கிறது என்பதை அளந்த பின்னரே கை வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

அமைவுக் கோப்பிலே எழுதவேண்டிய ஏனையவற்றுள் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கோப்பு எல்லாக் கணுக்களிலும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கவேண்டும். செய்தி செல்லும் வாயிலைத் தீச்சுவர் அடைத்துவிடக் கூடாது. கொரோசிங்குக்கு வழக்கமான வாயில் 5405. அறிமுகமற்ற கணினி வட்டத்துள் புகுந்து வில்லையைக் கைப்பற்றாதிருக்க, எல்லாக் கணுக்களுக்கும் பொதுவான இரகசியத் திறவுகோலொன்றை ஆக்கி, மறைகுறியீட்டையும் இயக்கவேண்டும். நாம் இயக்காவிடில் அது தானாக இயங்காது.

முகவரி பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்லலாம். கணுக்களை அவற்றின் பெயரால் எழுதாமல் வலையமைப்பு இலக்கத்தால் எழுதுவதே பாதுகாப்பு. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவும்போது, கணினி தன் சொந்தப் பெயருக்கு எதிரே 127.0.1.1 என்னும் இலக்கத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம். அது தன்னைத்தானே சுட்டும் இலக்கம். வெளியே செல்லாத பாதை. இதனை அறியாது பெயரை எழுதிவைத்தால், ஒவ்வொரு கணுவும் தன் அறைக்குள் தானே தன்னோடு பேசிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தான் நலம் என்றே அறிவிக்கும். புதிதாக இத்தொழிலுக்கு வந்த இளைஞர் ஒரு நாள் முழுவதையும் இப்பிழையிலே செலவிட்டதை நான் கண்டிருக்கிறேன். அவ்விளைஞருள் நானும் ஒருவன்.

இனி, பாதைகள். ஒரு பாதை போதாது; இரண்டாவது வேண்டும். கொரோசிங்கின் மூன்றாம் பதிப்பு எட்டுப் பாதைகள் வரை ஏற்கும். ஆனால் பாதைகள் இரண்டு என்பது வடங்கள் இரண்டு என்பதன்று. இதனை நான் கற்ற விதத்தைச் சொல்லுகிறேன்.

முன்னொரு காலத்தில் நான் பணி செய்த ஓர் அலுவலகம், பெயர் வேண்டியதில்லை. பொதுமக்களின் பதிவுகளை வைத்திருந்தோம். இரு கணுக்கள் கொண்ட கொத்தணி. இரண்டையும் நீல வடம் ஒன்றும் மஞ்சள் வடம் ஒன்றும் பிணைத்தன. பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது. படத்திலும் இரு கோடுகள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தோம். ஆயினும் நீலமும் மஞ்சளும் சென்று சேர்ந்தது ஒரே இணைப்புப் பெட்டிக்கு. ஒரு பிற்பகலில் அப்பெட்டியின் மின்வழங்கி எரிந்தது. இரு வடங்களும் ஒரே கணத்தில் ஊமையாயின. ஒவ்வொரு கணுவும் மற்றது இறந்ததென முடிவு செய்தது.

இவ்விடத்தில் வேலியைப் பற்றிச் சொல்லவேண்டும். இறந்ததாகக் கருதப்பட்ட கணு உண்மையில் உயிரோடிருந்தாலும் கேடு செய்யாதிருக்க, பணியை ஏற்கப் போகும் கணு முதலில் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும். துண்டிக்கப்பட்டதென உறுதி வந்த பின்னரே பதிவேட்டைத் திறக்கும். ஐயமாக இருந்த மரணத்தை இவ்வாறு உறுதியான மரணமாக ஆக்கிவிடுகின்றனர். ஆங்கிலத்திலே இதற்கு வேலியடைத்தல் என்னும் பெயரும் உண்டு. ‘மற்றைய கணுவின் தலையிற் சுடு’ என்னும் வாசகத்தின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஸ்டொனித் என்னும் பெயரும் உண்டு. வேலி என்பதே நம்மவர்க்கு நன்கு விளங்கும். காணிக்கு வேலி எதற்கென நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் அலுவலகத்தில் இந்த வேலிக்கான கட்டளை செல்லும் வழி மட்டும் வேறாக அமைந்திருந்தது. ஆகவே இரு கணுக்களும் ஒரே வேளையில் ஒன்றையொன்று சுட்டன. இரண்டின் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. பின்பு இரண்டும் மீண்டும் உயிர்த்தன. ஆனால் மற்றதைக் கண்ணாற் காணும்வரை பணி தொடங்கலாகாது என்பது விதி. இணைப்புப் பெட்டி எரிந்து கிடக்க, ஒன்றையொன்று காண்பது எவ்வாறு? இரண்டும் நலமாக எழுந்து, வாய்மூடிக் காத்திருந்தன. வேறு பெட்டி கொண்டுவந்து பூட்ட இரண்டு மணித்தியாலம் சென்றது. வரிசையில் நின்ற மக்களுக்கு நாங்கள் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. நூறு மைல் தொலைவிலிருந்து பேருந்தேறி வந்த முதியவர் ஒருவர், “இரண்டு இயந்திரமும் வேலை செய்யுது எண்டு சொல்லுறியள், பின்னை ஏன் என்ரை அலுவல் நடக்கேல்லை?” என்று கேட்டார். சரியான கேள்வி. மறுநாள் பதிவேட்டைச் சோதித்தோம். ஒரு வரியும் பிழைபட்டிருக்கவில்லை. அதனை அம்முதியவரிடம் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை.

இரண்டே பேர் உள்ள சபையில் பெரும்பான்மை என்பது கிடையாது என்பதே இதன் அடிப்படைத் தொல்லை. நம் ஊர்ச் சனசமூக நிலையங்களிலே கூட்டநடப்பெண் என ஒரு விதி வைத்திருக்கிறோம். குறித்த தொகையினர் வராவிட்டால் கூட்டம் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. கொத்தணியிலும் அதுவே. மொத்தக் கணுக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஒருவரையொருவர் காணும் பக்கம் மட்டுமே பணி செய்யலாம். சிறுபான்மையான பக்கம் தானாகவே கைகட்டி நிற்கவேண்டும். ஒரு தொகுதியில் இரு பெரும்பான்மைகள் இருக்க முடியாதாகையால் மூளை பிளவாது. மூன்று கணுக்களாயின் ஒன்றை இழக்கலாம், ஐந்தாயின் இரண்டை. நான்கு கணுக்கள் வைத்தால்? பெரும்பான்மைக்கு மூவர் வேண்டும். ஆகவே ஒன்றைத்தான் இழக்கலாம். நான்காவது கணினியின் விலை இவ்வகையில் வீண். இரண்டே கணுக்களுக்கு மேல் வாங்க வசதியில்லாதோர், மூன்றாவதாக ஒரு சிறு கணினியை வேறிடத்தில் வாக்களிக்கும் சாட்சியாக மட்டும் வைக்கலாம். அயல்வீட்டு வானொலிக்குச் செவி சாய்த்தோமல்லவா, அந்த அயல்வீடு இதுவே.

பெரும்பான்மையும் சாட்சியும் அமைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? இதற்கு விடையாக 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். உலகெங்குமுள்ள மென்பொருள் ஆக்குவோர் தாம் எழுதியவற்றைச் சேமித்து வைக்கும் கிற்ஹப் என்னும் நிறுவனம், தன் பிழையை ஒளிக்காமல் அதே மாதம் 30ஆம் திகதி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. நான் சொல்லும் விவரங்கள் அதனின்று பெற்றவையே.

ஒக்டோபர் 21ஆம் திகதி, உலகப் பொது நேரம் இரவு 10.52. இலங்கையில் அப்பொழுது 22ஆம் திகதி அதிகாலை 4.22. அமெரிக்காவின் கீழைக் கரையிலே, பழுதடையத் தொடங்கிய ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான வேலை நடந்தது. அதன்போது, கீழைக்கரையின் வலையமைப்பு மையத்துக்கும் அங்குள்ள தலைமைத் தரவு நிலையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 செக்கனில் தொடர்பு மீண்டுவிட்டது. ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவி வைக்கும் நேரம்.

ஆனால் அந்த 43 செக்கனுக்குள், தரவுத்தளங்களின் தலைமையைக் கண்காணிக்கும் ஓகெஸ்ட்ரேற்றர் என்னும் மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் கணுக்கள் ராஃப்ற் என்னும் முறைப்படி வாக்களித்துத் தீர்மானிப்பவை. மேலைக்கரையில் இருந்தவையும், கீழைக்கரையில் வேறோர் இடத்தில் இருந்தவையும் ஒன்றையொன்று கண்டன, பெரும்பான்மை அமைந்தது, கீழைக்கரைத் தலைமை நிலையம் வீழ்ந்ததென முடிவாயிற்று, தரவுத்தளங்களின் தலைமை கண்டத்தின் மறுகரைக்கு மாற்றப்பட்டது. விதிகளின்படி யாவும் சரி.

எனினும் கீழைக்கரையின் தரவுத்தளங்கள் இறந்திருக்கவில்லை. தொடர்பு அறுந்த சில கணங்களிலே அவை ஏற்று எழுதிய வரிகள் மேலைக்கரைக்குப் பிரதியாகிச் சேரவில்லை. மிகுந்த வேலையுள்ள கொத்தணிகளுள் ஒன்றிலே அவ்வாறு தங்கிப்போனவை 954 பதிவுகள். மறுபுறம், புதிய தலைமையை ஏற்ற மேலைக்கரையிலோ ஏறத்தாழ 40 நிமிடம் புதிய பதிவுகள் எழுதப்பட்டுவிட்டன. இரு எழுதுவினைஞர், இரு புத்தகங்கள். ஒன்றை வைத்து மற்றதைக் கிழித்தெறிவது எளிது. எறியப்படும் பக்கங்கள் யாரோ ஒருவரின் உழைப்பு. அதுவுமன்றி, கீழைக்கரையில் இருந்த செயலிகள் ஒவ்வொரு வரிக்கும் கண்டத்தைக் கடந்து சென்று வரவேண்டியிருந்ததால் சேவை தவழத் தொடங்கிற்று.

அவர்கள் எடுத்த முடிவு, வேகத்தைக் கைவிட்டுத் தரவைக் காப்பது. சில சேவைகளைத் தாமாகவே நிறுத்தினார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கப்பட்டு வெளியிடத்தில் வைக்கப்பட்டிருந்த காப்புப் பிரதிகளைக் கொண்டுவந்து தரவுத்தளங்களை மீள நிறுவினார்கள். அளவிற் பெரியவையாதலால் கொண்டுவரவே பல மணித்தியாலம் சென்றது. வெளியே அனுப்பவேண்டிய 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அறிவித்தல்கள் தேங்கி நின்றன. அவற்றுள் ஏறக்குறைய 2 இலட்சம் காலாவதியாகிக் கைவிடப்பட்டன. எல்லாம் வழமைக்குத் திரும்பியபோது மறுநாள் இரவு 11.03. 43 செக்கனுக்கு விலை, 24 மணித்தியாலமும் 11 நிமிடமும்.

இதில் வாக்கெடுப்புத் தவறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். யார் தலைவர் என்னும் கேள்விக்கு அது தெளிவான விடை அளித்தது. பதவி இழந்தவர் கடைசிக் கணங்களில் என்ன எழுதினார், அது மறுபுறம் சேர்ந்ததா என்னும் கேள்வியை அமைவுக் கோப்பு கேட்கவே இல்லை. கண்காணிக்கும் மென்பொருள் தனக்கு விதித்தபடியே நடந்ததென்றும், அவ்வளவு தொலைவான மாற்றத்தைத் தாங்கச் செயலிகள் ஆயத்தமாக இருக்கவில்லை என்றும் அறிக்கையே கூறுகிறது. தலைமை ஒரு பிரதேசத்தின் எல்லையைத் தாண்டித் தானாகச் செல்லாதவாறு அமைவை மாற்றுவதென அவர்கள் பின்னர் தீர்மானித்தார்கள். அதாவது, மறுகரைக்குச் செல்வதற்கு முன் ஒரு மனிதர் தீர்மானிக்கவேண்டும். எத்தனையோ அறிவு நிறைந்த இயந்திரங்களின் நடுவே மனிதருக்கு ஒரு வேலை மீதமாயிற்று. 43 செக்கன் பொறுத்திருந்தால் அன்றிரவு ஒன்றுமே நிகழ்ந்திராது என நாம் இன்று சொல்லலாம். தொடர்பு அறுந்த பத்தாவது செக்கனில் நின்றவருக்கு அது 43 செக்கனா, மூன்று நாளா என்பது எவ்வாறு தெரியும்? ஆகவே அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. மாற்றத்தின் வேகத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு, அதன் தொலைவைப் பற்றிக் கேளாதிருந்ததே குறை எனத் தோன்றுகிறது.

எங்கள் பழைய அலுவலகத்துக்கு மீள்கிறேன். அந்தப் பிற்பகலின் பின்னர் மஞ்சள் வடத்தை வேறோர் அறையிலுள்ள வேறோர் இணைப்புப் பெட்டிக்குக் கொண்டுசென்றோம். அப்பெட்டிக்கு மின்சாரமும் வேறு வழியால் வந்தது. பழைய சிறு கணினியொன்றைச் சாட்சியாக மூன்றாம் இடத்தில் அமர்த்தினோம். இரண்டும் ஒருங்கே சுடாதிருக்க, ஒரு கணுவின் கட்டளையை மட்டும் சில செக்கன் தாமதிக்கச் செய்தோம். காத்திருக்கும் காலத்தைக் குறைக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கிழித்தோம்.

பின்பு, ஆண்டில் இரு முறை, மக்கள் வரிசை குறைந்த ஒரு நாளில், முன்னறிவித்தல் கொடுத்து, நாங்களே ஒரு வடத்தைக் கழற்றுவோம். மற்றொரு முறை ஒரு கணுவின் மின்சாரத்தை நிறுத்துவோம். முதன்முறை செய்தபோது இயக்குநர் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். வடத்தைக் கழற்றினேன். கொத்தணி அதனைப் பொருட்படுத்தவே இல்லை. பின்பு முதற் கணுவின் மின்சாரத்தை நிறுத்தினேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துடிப்பு நின்றது, சாட்சி வாக்களித்தது, வேலி அடைக்கப்பட்டது, இரண்டாவது கணு பதிவேட்டைத் திறந்தது. முன்னறையிலே விண்ணப்பமொன்றைப் பதிந்துகொண்டிருந்த எழுதுவினைஞர், திரை சற்று நேரம் அசையாதிருக்கக் கண்டு, தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதனை மீண்டும் அணிந்தபோது எழுத்துக்கள் வந்துவிட்டன. அவர் எம்மை நிமிர்ந்தும் பாராமல் அடுத்தவரை அழைத்தார்.